சிம் ரேஸ் லைவ்ல அனலிஸ்ட் சேக்கணுமா? ஆள் தேடுறதுலேர்ந்து கொடி விழுற வரைக்கும் முழு வழிகாட்டி

சிம் ரேஸ்னா கம்ப்யூட்டர்ல நெஜ கார் ரேஸ் மாதிரியே ஓட்டுறது, அதோட கமெண்ட்ரில நடக்குறத சொல்றவருக்குத் துணையா, ஏன் நடக்குதுன்னு விளக்குறவர்தான் அனலிஸ்ட். அப்படி ஒரு சின்ன லீக்கோட லைவ் ஸ்ட்ரீம ரெண்டு சீசனா நான்தான் பாத்துக்குறேன். நடுவுல, "எங்க ஸ்ட்ரீம்லயும் ஒரு அனலிஸ்ட் வேணும் ப்ரோ"ன்னு கேட்டு வந்த நாலஞ்சு டீமுக்கு செட்டப் போட்டுக் குடுத்துருக்கேன், எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே எடத்துலதான் தடுக்கி விழுறாங்க. நல்லா ஓட்டுற ஒருத்தர கூப்ட்டு, டிஸ்கார்ட்ல (குரல்லயும் டெக்ஸ்ட்லயும் பேசிக்கிற ஆப்) சேத்து, மைக்க ஆன் பண்ணி விட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்கிறாங்க. ரெண்டாவது லேப்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்திட்டு இருப்பாங்க, இருபதாவது நிமிஷம் பாத்தா அந்த மனுஷன் வாயே தொறக்க மாட்டாரு.

கிரிக்கெட்ல ஒரு பாலுக்கும் அடுத்த பாலுக்கும் நடுவுல எக்ஸ்பர்ட் பேசுறதுக்கு தானாவே ஒரு எடம் இருக்கு. ரேஸ்ல அப்படி ஒண்ணு கெடையாது, பச்சைக் கொடி விழுந்ததுலேர்ந்து கடைசி கார் கோட்டத் தாண்டுற வரைக்கும் ஏதோ ஒண்ணு ஓடிட்டே இருக்கும். அந்த எடத்த நாமதான் செஞ்சு குடுக்கணும்: அவரு பாக்க ஒரு படம், அவரு கேட்டா கெடைக்கிற ஒரு ரீப்ளே, அவரு பேசுறதுக்குன்னு ஒதுக்குன நேரம். இந்த மூணும் ரெடியானப்புறம் ஆளக் கூப்பிடுங்க, அதுக்கு முன்னாடி வேணாம்.

நான் உதாரணமா எடுத்துக்கிறது அசெட்டோ கோர்ஸா காம்பெடிட்ஸியோனே, அதாவது ஏசிசிங்கிற ரேஸ் கேம். பெல்ஜியத்துல இருக்குற ஸ்பா ட்ராக், 60 நிமிஷ ஜிடி3 (ஸ்போர்ட்ஸ் கார் வகை) ரேஸ், நடுவுல 10 நிமிஷ பிட் விண்டோ, அதுக்குள்ள பிட்டுல (ட்ராக் ஓரத்துல கார நிறுத்தி ஃப்யூல், டயர் பாக்குற எடம்) ஒரு கட்டாய ஸ்டாப், ஸ்ட்ரீமுக்கு ஓபிஎஸ், அதாவது படத்தையும் சத்தத்தையும் சேத்து லைவ்ல அனுப்புற சாஃப்ட்வேர். ஐரேசிங்னு இன்னொரு கேம்னாலும் வரிசை இதேதான்.

1. மொதல்ல கையில இருக்க வேண்டியது

ஸ்ட்ரீம் ஓடுற பிசி ஒண்ணு, ரீப்ளேக்கு இன்னொரு பிசி. ரெண்டாவது எதுக்குன்னா, கேமுக்குள்ள ரீப்ளே போட்டீங்கன்னா அந்த மெஷின்ல லைவ் படம் போயிடும், ரீப்ளே ஓடுற பதினஞ்சு செகண்ட்ல முன்னாடி ரெண்டு கார் மோதிக்கிச்சுன்னா உங்க கிட்ட படமே இருக்காது. ரெண்டாவது பிசிக்கு வேற ஸ்டீம் அக்கவுண்ட்டும் இன்னொரு காப்பி கேமும் வேணும், ஒரே அக்கவுண்ட்ல ரெண்டு மெஷின்லயும் ஒரே நேரத்துல கேம ஓட்ட முடியாது. பட்ஜெட் இல்லன்னா அதுக்கு ஒரு மாத்து வழி இருக்கு, ஆறாவதுல சொல்றேன்.

சர்வர் செட்டிங்ஸ் ஃபைல்ல ஸ்பெக்டேட்டர் (ஓட்டாம பாக்க மட்டும் வர்றவர்) பாஸ்வேர்டுன்னு தனியா ஒண்ணு இருக்கும், அத லீக் அட்மின் கிட்ட கேட்டு வாங்கிக்கோங்க. புதுசா வர்றவங்க ஓட்டுறவங்களோட பாஸ்வேர்ட போட்டு உள்ள போயிடுறாங்க, அப்ப நீங்க ஒரு கார் ஸ்லாட்ட புடிச்சிட்டு உக்காந்துருப்பீங்க, க்ரிட் ஃபுல்லா இருக்குற நாள்ல நெஜமா ஓட்ட வந்த ஒருத்தர் வெளிய நிப்பாரு, அவரோட கோவம் சீசன் முடியுற வரைக்கும் இருக்கும்.

அடுத்தது அப்லோட் ஸ்பீடு. ட்விட்ச்சுக்கு 6 எம்பிபிஎஸ் போகும், கமெண்ட்ரி பண்றவங்களுக்கு படத்த திருப்பி அனுப்புறதும் உங்க லைன்லேர்ந்துதான் போகும். விடிஓ நிஞ்சா மாதிரி நேரடியா மெஷினுக்கு மெஷின் அனுப்புற டூல்ல ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனி காப்பி போகும், ஆளுக்கு 2.5 எம்பிபிஎஸ்னு வெச்சா ரெண்டு பேருக்கு 5. ஆக மொத்தம் 11, ஏறி எறங்குறதுக்கும் சேத்து 20 எம்பிபிஎஸ் அப்லோட் இருந்தா நிம்மதி. கண்டிப்பா கேபிள்ல, வைஃபைல வேணாம்.

ஆளுங்க கொறஞ்சது நாலு பேர்: கேமரா மாத்துற டைரக்டர், லீட் கமெண்டேட்டர், அனலிஸ்ட், ரீப்ளே பாக்குற ஒருத்தர். கேமராவையும் ஆடியோவையும் ரீப்ளேயையும் ஒரே ஆள் பாக்குற எடத்துல அனலிஸ்ட் சேத்து பிரயோஜனம் இல்ல, ஏன்னா அவரு கேக்குறது எதுவும் அவருக்கு வந்து சேராது. மொதல்ல அந்த நாலாவது ஆள தேடுங்க.

2. யாரு என்ன பேசணும்னு எழுதி வைங்க

லீட் சொல்றது யாரு, எங்க, என்ன. அனலிஸ்ட் சொல்றது ஏன், அடுத்து என்ன. இவ்ளோதான் பிரிவு, ஆனா வாயால சொன்னா ரேஸ் சூட்டுல மறந்துடும், ரெண்டு பேர் டேபிள்லயும் எழுதி ஒட்டுங்க.

கூடவே மூணு ரூல். ஓவர்டேக் நடந்துட்டு இருக்கும்போது அனலிஸ்ட் பேசக் கூடாது, பாதி வாக்கியத்துல இருந்தாலும் விட்டுடணும். மொத லேப் முழுக்க லீட்டோடது. லீட் அனலிஸ்ட் கிட்ட பேச்ச குடுக்கும்போது கேள்வியா முடிச்சுக் குடுக்கணும், ஏன்னா ரெண்டு பேரும் வேற வேற ஊர்ல உக்காந்துருக்காங்க, முகத்த பாத்து "இப்ப நீ பேசு"ன்னு ஜாடை காட்ட முடியாது.

கேள்வியா முடிக்கிறதுன்னா இப்படி: "ஏழாம் நம்பர் பிட்டுக்குள்ள போறாரு, விண்டோ தொறந்து ஒரு லேப் கூட ஆகல, ஏண்ணா இவ்ளோ சீக்கிரம்?" அந்தப் பக்கம்: "ஆறு லேப்பா முன்னாடி இருக்குறவரு பின்னாலயே மாட்டிட்டு கெடந்தாரு, இப்ப வெளிய வந்தா முன்னாடி ட்ராக் காலி, ரெண்டு லேப் நல்லா ஓட்டுனாருன்னா அவரு ஸ்டாப் பண்ணி வரும்போது இவரு முன்னாடி இருப்பாரு." முடிஞ்சுது, பத்து செகண்ட். "என்ன சொல்றீங்க?"ன்னு மொட்டையா கேட்டீங்கன்னா அவரும் மொட்டையா "ஆமா, நல்ல ரேஸ் போயிட்டு இருக்கு"ம்பாரு.

3. ஆளத் தேடுறது

வேகமா ஓட்டுறவர்னு மட்டும் பாத்து எடுக்காதீங்க. ரொம்ப வேகமா ஓட்டுறவங்கள்ல பாதி பேருக்கு தாங்க என்ன பண்றோம்னு வார்த்தைல சொல்ல வராது, கை தானா பண்ணுது. எனக்கு நல்லா அமைஞ்சவங்க பெரும்பாலும் மத்தவங்களுக்கு சொல்லிக் குடுக்குறவங்க, டீமுக்கு செட்டப் போடுறவங்க, எண்டியூரன்ஸ் ரேஸ்ல ரேடியோல உக்காந்து ஃப்யூல் கணக்கு பாக்குற ஆளுங்க.

ஒரு சின்ன டெஸ்ட் வைங்க. பழைய ரேஸ்லேர்ந்து 30 செகண்ட் க்ளிப், சவுண்ட் இல்லாம, ஒரே ஒரு தடவ போட்டுக் காட்டுங்க, 20 செகண்ட்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லச் சொல்லுங்க. நான் வெச்சிருக்குற க்ளிப்ல ஒரு கார் ஸ்பால ரைடியான் மேடு ஏறி, கெம்மல் ஸ்ட்ரெய்ட் முடியுற எடத்துல இருக்குற லெஸ் கோம்ப்ஸ் வளைவுல லேட்டா பிரேக் புடிச்சு அகலமா போகும். "லேட் பிரேக்கிங், தப்பு பண்ணிட்டாரு"ன்னு சொன்னா அது படத்துலயே தெரியுது. ஒருத்தர் மட்டும், "ரைடியான்லயே அவரு ரொம்ப ஒட்டிப் போயிட்டாரு, முன்னாடி கார் காத்த மறைச்சதால கெம்மல் ஸ்ட்ரெய்ட்ல வழக்கத்த விட வேகமா வந்துட்டாரு, ஆனா பிரேக்க எப்பவும் புடிக்கிற எடத்துலயே புடிச்சாரு, அதான் நிக்கல"ன்னாரு. அவரு எங்க லீக்ல நடுவால ஓட்டுற ஆள்தான். இன்னைக்கு வரைக்கும் அவர்தான் எங்க அனலிஸ்ட்.

இன்னொண்ணு, அந்த ரேஸ்ல ஓட்டுற டீமோட ஆள அனலிஸ்ட்டா போட்டீங்கன்னா அத ஆரம்பத்துலயே ஆன் ஏர்ல சொல்லிடுங்க. சொல்லாம விட்டு நடுவுல சாட்ல யாராவது கண்டுபுடிச்சா, அப்புறம் அவரு எத சொன்னாலும் பக்கச்சார்பாதான் தெரியும்.

4. எல்லாரும் ஒரே படத்தப் பாக்கணும்

அதிகமா சொதப்புறது இங்கதான், அதனால கொஞ்சம் நின்னு பேசுறேன்.

அனலிஸ்ட் எதப் பாத்துப் பேசுறாரு? மூணு வழில தப்பு நடக்கும். அவரு யூடியூப் ஸ்ட்ரீமையே தொறந்து வெச்சுப் பாத்தா படம் பல செகண்ட் பின்னாடி வரும், லீட் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பாரு, இவரு அப்பதான் "ஓஹோ!"ம்பாரு. அவரே கேம்ல ஸ்பெக்டேட்டரா உள்ள போய் பாத்தா நேர் எதிர்: பார்வையாளருக்குப் படம் வர்றதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரிஞ்சுடும், அது மட்டுமில்லாம அவரு பாட்டுக்கு பன்னெண்டாவது எடத்துல இருக்குற கார பாத்துட்டு இருப்பாரு, திரைல முதல் எடம் ஓடிட்டு இருக்கும், அவரு பேசுறதுக்கும் படத்துக்கும் சம்பந்தமே இருக்காது. மூணாவது, ரெண்டு கமெண்டேட்டருக்கும் வேற வேற டூல்ல படம் போகுது, ஒருத்தருக்கு டிஸ்கார்ட் ஸ்க்ரீன் ஷேர், இன்னொருத்தருக்கு விடிஓ நிஞ்சா, ரெண்டுக்கும் நடுவுல அரை செகண்ட் வித்தியாசம், ரெண்டு பேரும் மாத்தி மாத்தி இடிச்சுப்பாங்க.

அதனால ஓபிஎஸ்லேர்ந்து வெளிய போற ஃபைனல் படம், அதே ஒரு டூல் வழியா, ரெண்டு பேருக்கும். நான் ஓபிஎஸ் விர்ச்சுவல் கேமராவ விடிஓ நிஞ்சா ரூம்ல போட்டுடுறேன். அனலிஸ்ட்டுக்கு டைமிங் டேட்டா தனியா ரெண்டாவது மானிட்டர்ல இருக்கலாம், இருக்கணும் கூட, ஆனா அதுல தெரியுறத வெச்சு அவரு பேசணும்னா மொதல்ல டெக்ஸ்ட்ல கேமரா கேக்கணும்.

சரியா இருக்கான்னு பாக்க ஒரு ஸ்டாப்வாட்ச ஓபிஎஸ் சீன்ல போடுங்க. பத்து வரும்போது "பத்து"ன்னு சொல்லச் சொல்லுங்க, அவரு குரல் உங்க ஓபிஎஸ்ல வந்து சேரும்போது ஸ்டாப்வாட்ச் என்ன காட்டுதுன்னு பாருங்க. படம் அவருக்குப் போக ஆன நேரம், குரல் திரும்பி வர ஆன நேரம் ரெண்டும் சேந்து தெரியும். பத்தரைக்குள்ள இருந்தா விட்டுடுங்க. பதினொண்ண தாண்டுனா அவருக்குப் போற படத்தோட பிட்ரேட்ட கொறைங்க, ரெசல்யூஷன 720க்கு எறக்குங்க, அவர கேபிள் போடச் சொல்லுங்க. பெரும்பாலும் மூணாவதுலயே சரியாயிடும்.

5. ஆடியோ: தனித்தனி குழாய்

டிஸ்கார்ட்ல எல்லார் குரலும் ஒண்ணா கலந்துதான் வரும். ஒருத்தர் மைக் கம்மியா இருந்தா அவர மட்டும் ஓபிஎஸ்ல ஏத்த முடியாது. விடிஓ நிஞ்சால ஒவ்வொரு ஆளுக்கும் தனி லிங்க் கெடைக்கும், ஒவ்வொண்ணையும் தனி பிரவுசர் சோர்ஸா போட்டா ஒவ்வொருத்தருக்கும் தனி ஸ்லைடர், தனி ஃபில்டர். ஒரே ரூம்ல இருக்குறதால ஒருத்தர் குரல் இன்னொருத்தருக்குக் கேக்கும், தன் குரல் தனக்குத் திரும்பி வராது, அது ரொம்ப முக்கியம். தன் குரலே கால் செகண்ட் கழிச்சு காதுல விழுந்தா யாரா இருந்தாலும் திக்குவாங்க.

டாக்பேக், அதாவது டைரக்டர் கமெண்டேட்டர் காதுல சொல்றது, அது டிஸ்கார்ட்ல. ஆன் ஏர் விடிஓ நிஞ்சால, உள் பேச்சு டிஸ்கார்ட்ல, ரெண்டையும் கலக்காதீங்க. ஓபிஎஸ்ல டெஸ்க்டாப் ஆடியோவ மொத்தமா ஆஃப் பண்ணிட்டு, கேம் சவுண்ட மட்டும் அப்ளிகேஷன் ஆடியோ கேப்ச்சர்ல எடுங்க. நான் இத பண்ணாம விட்ட ஒரு ராத்திரி, "யோவ் அந்த வெள்ளக் கார் இல்லய்யா, அதுக்குப் பின்னாடி இருக்குற வெள்ளக் கார்"னு நான் கத்துனது அப்படியே லைவ்ல போச்சு. சாட்ல அடுத்த மூணு ரேஸுக்கு என் பேரே வெள்ளக் கார்தான்.

அளவு: குரல் உச்சம் மைனஸ் 12லேர்ந்து மைனஸ் 6 டிபிக்குள்ள, எஞ்சின் சத்தம் அதுக்கு நல்லா கீழ. எஞ்சின் சத்தத்து மேல கம்ப்ரஸர் ஃபில்டர் போட்டு, அதுல டக்கிங் சோர்ஸா கமெண்டேட்டர் குரல குடுத்தீங்கன்னா அவங்க பேசும்போது எஞ்சின் தானா அடங்கும், நிறுத்துனா ஏறும். அந்தக் கட்டத்துல ஒரு நேரத்துல ஒரு சோர்ஸதான் தேர்ந்தெடுக்க முடியும், அதனால லீட்டுக்கு ஒரு கம்ப்ரஸர், அனலிஸ்ட்டுக்கு ஒரு கம்ப்ரஸர்னு ரெண்டு போடணும். அனலிஸ்ட்டுக்குப் போடாம விட்டுட்டு "அவரு பேசுறது மட்டும் கேக்கவே மாட்டேங்குது"ன்னு தேடுறவங்க நெறய.

6. ரீப்ளே: அவரு கேட்டா வரணும்

அனலிஸ்ட் இல்லாத ஸ்ட்ரீம்ல மோதல் நடந்தா மட்டும் ரீப்ளே. அனலிஸ்ட் இருக்குற ஸ்ட்ரீம்ல அவரு கேக்குறதுதான் ரீப்ளே. இந்த மாத்தம் பண்ணலன்னா அவரு வெறும் ரெண்டாவது கமெண்டேட்டர்தான்.

டிஸ்கார்ட்ல ரீப்ளேக்குன்னு ஒரு டெக்ஸ்ட் சேனல். அனலிஸ்ட் மூணே விஷயம் டைப் பண்ணணும்: செஷன் நேரம், கார் நம்பர், எடம். "38:20, 7, புவோன் ஆன்போர்ட்." (புவோன் ஒரு வளைவு, ஆன்போர்ட்னா கார்லயே இருக்குற கேமரா.) ரீப்ளே பாக்குறவரு ரெண்டாவது பிசில அங்க போய் ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு "ரெடி"ன்னு போடுவாரு. டைரக்டர் எப்பக் கட் பண்றதுன்னு முடிவு பண்ணி, ரெண்டு பேர் காதுலயும் "ரீப்ளே அஞ்சு செகண்ட்ல"ன்னு சொல்லிட்டு கட் பண்ணணும். சொல்லாம கட் பண்ணா லீட் பேசிட்டு இருக்குறது பாதில தொங்கும், அனலிஸ்ட் என்ன படம்னு புரிஞ்சு வாயத் தொறக்குறதுக்குள்ள ரீப்ளே முடிஞ்சுடும்.

மொதத் தடவ முழு வேகம், ரெண்டாவது பாதி வேகம். நேரா ஸ்லோமோஷன்ல ஆரம்பிச்சா எந்த வேகத்துல நடந்துச்சுன்னே தெரியாது, தப்பு பண்ண ஆளு முட்டாள் மாதிரி தெரிவாரு. லைவ் படத்த ஓரத்துல சின்ன பெட்டில விட்டு வைங்க. ட்ராக்ல ஒரு செகண்டுக்குள்ள ரெண்டு கார் சண்ட போட்டுட்டு இருக்கும்போது ரீப்ளேயே வேணாம்.

ரெண்டாவது பிசி இல்லாதவங்களுக்கு ஓபிஎஸ்ல ரீப்ளே பஃபர் இருக்கு, கடைசி 30 செகண்ட சேவ் பண்ணி மீடியா சோர்ஸ்ல திரும்பப் போடலாம். நீங்க ஏற்கனவே காட்டுன கேமரா ஆங்கிள்தான் கெடைக்கும், ஆன்போர்ட் கெடைக்காது. ஆனாலும் ஒண்ணுமே இல்லாததுக்கு இது எவ்வளவோ மேல், ஆரம்பிக்கிறவங்க இதுலயே ஆரம்பிக்கலாம்.

திரைல கோடு போட்டுக் காட்டுறது, வட்டம் போடுறது எல்லாம் மொத அஞ்சு ரேஸுக்கு மறந்துடுங்க. பாக்க நல்லா இருக்கும், ஆனா அதுல கவனம் போய் பேச்சு நின்னுடும்.

7. அனலிஸ்ட் டேபிள்ல ஒரு பேப்பர்

மொதல்ல எந்த டேட்டா கெடைக்கும், எது கெடைக்காதுன்னு தெரிஞ்சுக்கோங்க. ஏசிசி ஸ்ட்ரீமுக்குன்னு வெளிய அனுப்புற டேட்டால ஒவ்வொரு காரோட எடம், லேப் டைம், வேகம், கியர், ட்ராக்ல எங்க இருக்கு, இதெல்லாம் வரும். அடுத்தவரு கார்ல எவ்ளோ ஃப்யூல் இருக்கு, டயர் சூடு என்ன, பிரேக் எவ்ளோ அழுத்துறாரு, இது வராது. ஐரேசிங்லயும் ஃப்யூல் அளவு அவங்கவங்க காருக்கு மட்டும்தான் தெரியும். அதனால "இவருக்கு ஃப்யூல் பத்தாது"ன்னு அனலிஸ்ட் அடிச்சு சொல்ல முடியாது, லேப் டைம் ஏறுது, ஸ்ட்ரெய்ட் முடியுற எடத்துல முன்னாடியே கால எடுக்குறாரு, அதனால மிச்சம் புடிக்கிறாரோன்னு தோணுதுன்னு சொல்லலாம். அந்த "தோணுது" முக்கியம்.

பேப்பர்ல என்ன இருக்கணும்? கார் நம்பர், பேரு, பேர எப்படி உச்சரிக்கணும், க்வாலிஃபையிங் டைம். அப்புறம் அவரே ப்ராக்டிஸ் சர்வர்ல ஓட்டி அளந்த நம்பருங்க: லேப் டைம், ஃப்யூல், பிட் லேன் வழியா போனா எவ்ளோ நேரம் போகுது. ஸ்பா 7.004 கிலோமீட்டர், உங்க லீக்ல ரேஸ் வேகம் 2:19னு வெச்சுக்குவோம், 60 நிமிஷத்துக்கு சுமாரா 26 லேப். ஒரு லேப்புக்கு 3.7 லிட்டர்னு அளந்துருந்தா 96 லிட்டர், ஸ்டார்ட்டுக்கு முன்னாடி மெதுவா ஓடுற ஃபார்மேஷன் லேப்பையும் சேத்தா கிட்டத்தட்ட நூறு. இது எழுதி இருந்தா ஆன் ஏர்ல கால்குலேட்டர் தேட வேணாம்.

துரத்துற கணக்கும் இப்படித்தான். முன்னாடி இருக்குறவருக்கும் பின்னாடி வர்றவருக்கும் 4.2 செகண்ட் இடைவெளி, லேப்புக்கு அரை செகண்ட் கொறையுது, ரேஸ் முடிய 15 நிமிஷம் இருக்கு. லீட் "இன்னும் கொஞ்சத்துல புடிச்சுடுவாரு!"ன்னு ஏத்தி விடுவாரு. அனலிஸ்ட் கணக்கு: புடிக்க எட்டரை லேப் வேணும், ஒரு லேப் 2:19, அப்ப 19 நிமிஷத்துக்கு மேல, நேரம் முடிஞ்சு ஓடுற லேப்ப சேத்தாலும் மிச்சம் இருக்குறது ஏழு லேப். லேப்புக்கு அரை செகண்ட் பத்தாது, பாயிண்ட் ஆறு வேணும். இத சொன்னவுடனே பார்வையாளர் ஒவ்வொரு லேப்பும் அந்த நம்பரத்தான் பாப்பாரு, ட்ராக்ல ஒண்ணுமே நடக்காத பதினஞ்சு நிமிஷம் சண்டையா மாறிடும். படத்து மேல சின்ன ஓவர்லேல அந்த ஒரு இடைவெளிய மட்டும் போடுங்க, வேற எதுவும் வேணாம்.

பேப்பர்ல கடைசி நெடுவரிசைக்குத் தலைப்பு "ஸ்டாப் ஆச்சா?" இத விட்டுட்டு வராதீங்க, காரணம் ஒன்பதாவதுல.

8. ரிகர்சல்

முழு ரேஸ் வேணாம். பழைய ரேஸ் ரெக்கார்டிங் ஒண்ண 20 நிமிஷம் ஓட்டி, அது மேல ரெண்டு பேரையும் பேச விடுங்க, ரீப்ளே கேக்கச் சொல்லுங்க, டாக்பேக்ல இடைஞ்சல் பண்ணுங்க. காதுல ஒருத்தர் பேசப் பேச வாயில வேற ஒண்ணு பேசுறது பழக்கத்துல மட்டும்தான் வரும். ரெக்கார்டிங்க லேப் ஒண்ணுலேர்ந்து போடாதீங்க, எல்லாருக்கும் ஸ்டார்ட் நல்லாத்தான் வரும், பிட் விண்டோ வர்ற பகுதியப் போடுங்க.

9. ரேஸ் அன்னைக்கு, நிமிஷ வாரியா

ரேஸுக்கு முன்னாடி பத்து நிமிஷம்: அனலிஸ்ட்டுக்கு மூணே கேள்வி, முன்கூட்டியே குடுத்துடுங்க. "இன்னைக்கு எங்க ஓவர்டேக் நடக்கும்?"ன்னு கேட்டா லா சோர்ஸ் வளைவுலேர்ந்து வெளிய வர்றது, ரைடியான் ஏறுறது, கெம்மல்ல காத்து மறைவுல ஒட்டிப் போறது, லெஸ் கோம்ப்ஸ்ல பிரேக் போடுறதுன்னு மேப் வெச்சு ஒரே சங்கிலியா சொல்லி முடிச்சுடலாம். அப்புறம் ரேஸ்ல அது நடக்கும்போது பார்வையாளருக்கு ஏற்கனவே தெரியும்.

மொத லேப்: அனலிஸ்ட் மௌனம். ஆனா சும்மா இல்ல, ரீப்ளே சேனல்ல டைப் பண்ணிட்டு இருப்பாரு.

ரெண்டாவது, மூணாவது லேப்: கூட்டம் கொஞ்சம் பிரியும், ஸ்டார்ட் ரீப்ளே, இது அவரோட மொத எடம்.

அப்புறம் 25வது நிமிஷம் வரைக்கும்: மூணு நாலு நிமிஷத்துக்கு ஒரு கேள்வி போதும்.

25லேர்ந்து 35: பிட் விண்டோ. ஏசிசில அது ரேஸோட நடுவுல வர்ற மாதிரி அமையும், 10 நிமிஷம்னா 2:19 வேகத்துல நாலு லேப் சொச்சம்தான், அதாவது ஒவ்வொருத்தருக்கும் உள்ள வர நாலு சான்ஸ், சிலருக்கு அஞ்சு. இந்தப் பத்து நிமிஷம் டைமிங் டவர் (திரை ஓரத்துல யாரு எத்தனாவதுன்னு ஓடுற பட்டியல்) காட்டுற வரிசை பொய். ஸ்டாப் பண்ணாத ஆள் முதல் எடத்துல தெரிவாரு, நெஜமா லீட் பண்றவரு எட்டாவதுல இருப்பாரு, பார்வையாளருக்கு தல சுத்தும். இங்கதான் பேப்பர்ல இருக்குற அந்தக் கடைசி நெடுவரிசை வேலைக்கு வரும். ஒவ்வொரு கார் உள்ள போகும்போதும் அனலிஸ்ட் டிக் போட்டு, "இப்போதைக்கு ஸ்டாப் முடிச்சவங்கள்ல 22தான் முன்னாடி, அவருக்கும் 7க்கும் 1.8 செகண்ட்"னு ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ சொல்லணும். ரேஸ் முழுக்க அவரு வேற எதையும் உருப்படியா சொல்லலன்னாலும் இது ஒண்ணுக்காகவே அவர வெச்சிருக்கலாம். இந்த நேரத்துல லீட் கொஞ்சம் ஒதுங்கணும், பிட் விண்டோ அனலிஸ்ட்டோட வீடு.

கடைசி அஞ்சு நிமிஷம்: திரும்ப லீட் கைக்குப் போயிடும். அனலிஸ்ட் ஒரு நம்பர், ஒரு வரி, அவ்ளோதான்.

10. மோதல் நடந்தா தீர்ப்பு சொல்லாதீங்க

இது சிம் ரேஸிங்குக்குன்னே இருக்குற பிரச்சன. ஸ்பெக்டேட்டர் மெஷின்ல நீங்க பாக்குறது, நெட்வொர்க் வழியா வந்த தகவல வெச்சு கேம் வரைஞ்ச படம். ரெண்டு டிரைவரும் அவங்கவங்க திரைல பாத்ததும் இதுவும் அப்படியே ஒண்ணா இருக்காது. ஒருத்தர் திரைல ஒரு முழம் எடம் இருந்துருக்கும், உங்க திரைல கதவ இடிச்ச மாதிரி தெரியும். அனலிஸ்ட் ஆன் ஏர்ல "முழு தப்பும் 14 மேலதான்"னு சொல்லிட்டா, அந்த க்ளிப்ப வெட்டி எடுத்துட்டு ஸ்டூவர்ட்ஸ் (ரேஸ் நடுவர்கள்) கிட்ட சண்டைக்கு வருவாங்க, அது எனக்கு நடந்துருக்கு.

என்ன சொல்லலாம்னா, யாரு எந்த லைன்ல இருந்தாங்க, எங்க பிரேக் புடிச்சாங்க, எடம் எங்க சுருங்குச்சு. பெனால்டி வேணுமா வேணாமான்னு ஸ்டூவர்ட்ஸ் பாப்பாங்க. கேம் தானா குடுக்குற பெனால்டி வேற, அது திரைல வந்துடும், ஏசிசில ட்ரைவ் த்ரூ (நிக்காம பிட் லேன் வழியா போயிட்டு வர்ற தண்டனை) வந்தா மூணு லேப்புக்குள்ள போயாகணும், அத அனலிஸ்ட் உடனே எண்ணிச் சொல்லலாம்.

கனெக்ஷன் போறதும் இதே வகைதான். 2023 ஜனவரில லே மான் வர்ச்சுவல் 24 மணி நேர ரேஸ்ல முதல் எடத்துல இருந்த எஃப்1 சாம்பியன் மேக்ஸ் வெர்ஸ்டப்பன் கனெக்ஷன் போய்தான் ரேஸ இழந்தாரு, ஓட்டுறதுல எந்தத் தப்பும் இல்ல. உங்க லீக்ல ஒரு கார் திடீர்னு காணாம போனா, டிரைவர் தப்பா, கனெக்ஷனான்னு உறுதியாத் தெரியுற வரைக்கும் "கார் சர்வர்ல இல்ல"ன்னு மட்டும் சொல்லுங்க.

11. கரண்ட் போச்சு, நெட் போச்சு

அனலிஸ்ட் ஃபோன்ல அதே விடிஓ நிஞ்சா ரூமுக்கு இன்னொரு லிங்க் தொறந்து, மொபைல் டேட்டால, மைக் ம்யூட்ல ரெடியா இருக்கட்டும். அந்த ரெண்டாவது லிங்க் ஓபிஎஸ்ல முன்கூட்டியே ஒரு சோர்ஸா இருக்கணும், ரேஸ் நடுவுல சேக்க ஆரம்பிச்சா எங்கயாவது தப்பான பட்டன அமுக்கிடுவீங்க. ரூட்டருக்கு சின்ன யுபிஎஸ் ஒண்ணு போட்டா, லேப்டாப்ல இருக்குறவங்க கரண்ட் போனாலும் ரேஸ முடிச்சுடலாம்.

அவரு குரல் நின்னா லீட் கண்டுக்காம தொடரணும். "அண்ணா, ஹலோ, கேக்குதா, ஹலோ"ன்னு ஆன் ஏர்ல கூப்பிடாதீங்க, டைரக்டர் டிஸ்கார்ட்ல பாத்துப்பாரு. திரும்ப வந்தவுடனே மன்னிப்பு விளக்கம் எதுவும் வேணாம், அடுத்த கேள்விய குடுத்தா போதும், பாதி பேருக்கு அவரு போனதே தெரியாது.

12. ரேஸ் முடிஞ்சப்புறம்

ஓபிஎஸ் ரெக்கார்டிங்ல ஆறு ஆடியோ ட்ராக் வரைக்கும் போடலாம், அனலிஸ்ட் குரலுக்கு தனி ட்ராக் ஒதுக்கி வைங்க. ரேஸ் முடிஞ்சப்புறம் பிட் விண்டோ பத்து நிமிஷத்த மட்டும், அவரு ட்ராக்க மட்டும் தனியா வெட்டி அனுப்புங்க. தன் குரல மட்டும் கேக்கும்போது எத்தன தடவ "ஆமா ஆமா"ன்னு நடுவுல நொழைஞ்சோம், எங்க சும்மா இழுத்தோம்னு அவருக்கே தெரிஞ்சுடும், நீங்க சொல்ல வேண்டியதில்ல. ஒரு விஷயம், அத அன்னைக்கு ராத்திரியே அனுப்பாதீங்க, யாரும் கேக்க மாட்டாங்க. அடுத்த ரேஸ் தேதி சொல்ற மெசேஜோட சேத்து அனுப்புங்க.